எலிக்கும் ஒரு குருதிப் பரிசோதனை

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ஒருத்தி நின்று பேசினாலும், பேச்சு எங்கள் எல்லாருடையதும். இக்கல்லூரியில் உயிரியல் படித்து, இன்று வைத்தியசாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் வகுப்பறைகளிலும் வேலை செய்கின்ற சிலர் சேர்ந்து எழுதிய உரை இது. நூற்றாண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, "எலியைப் பற்றி" என்றோம். முதலில் சிரித்தார்கள். பிறகு, "எங்கள் வீட்டிலும் இருக்கிறது, பேசுங்கள்" என்று அனுமதி தந்தார்கள்.

நாவலப்பிட்டியில் வளர்ந்தவர்களுக்கு எலியை அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. மழை விடாமல் பெய்கிற ஊர் நம்முடையது. வெளியே நனைகிற எந்தச் சீவனும் உலர்ந்த இடம் தேடி உள்ளே வரும். கடைத்தெருவின் அரிசிக் களஞ்சியத்திலும், தோட்டத்து லயனில் விறகு அடுக்கியிருக்கும் மூலையிலும், இஸ்தோப்பில் சாய்த்து வைத்த சாக்குக்குப் பின்னாலும் எலி இருக்கும். தேங்காய்ச் சொட்டைச் சுட்டு எலிப்பொறியில் மாட்டி வைப்பதை நம்மில் பலர் அம்மாவிடமோ அப்பாயியிடமோ கற்றிருக்கிறோம். பொறியில் விழுந்ததை என்ன செய்தோம்? தூர எறிந்தோம். அந்த எலியிடம் கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

எலியால் வரும் நோய் என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியாவால் வருவது அது. எலியின் சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருந்து, காலில் உள்ள சிறு காயத்தின் வழியே உடலுக்குள் போகும். 2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோருக்கு இந்நோய் வந்திருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போனால் நுண்ணுயிர்கொல்லி மருந்து இருக்கிறது. ஆகவே காய்ச்சலும் தசை நோவும் வந்து, சிறுநீர் குறைந்து, எலி நடமாடும் இடத்தில் வேலை செய்தவர் என்றும் தெரிந்தால், வைத்தியர் எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்து மருந்தைத் தொடங்கிவிடுவார். அது சரியான நடைமுறை. அதில் எவரும் குறை காண முடியாது.

ஆனால், அப்படிச் சந்தேகிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் இருந்தது எலிக்காய்ச்சல்தானா? இந்தக் கேள்வியை நம் மாவட்டத்திலேயே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கண்டியில் எலிக்காய்ச்சல் என்ற சந்தேகத்தோடு சிகிச்சை பெற்றவர்களின் குருதி மாதிரிகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து, 2011இல் ஜப்பானியத் தொற்றுநோய் ஆய்விதழ் ஒன்றில் முடிவை வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளில் சிலரின் குருதியில் வேறொரு கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தது. அது பற்றீரியா அல்ல, வைரசு. ஹன்டா வைரசுக் குடும்பத்தில், தாய்லாந்து வைரசு என்று பெயரிடப்பட்ட ஒன்றுக்கு நெருங்கிய உறவு.

பெயர் தாய்லாந்து என்பதால் அங்கிருந்து வந்தது என்று எண்ண வேண்டாம். முதலில் எங்கே இனங்காணப்பட்டதோ அந்த ஊரின் பெயரை வைப்பது வைரசு ஆய்வாளர்களின் பழைய வழக்கம். ஹன்டா என்ற பெயரே கொரியாவில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயர். 1951 முதல் 1953 வரை கொரியப் போரில் இருந்த ஐக்கிய நாடுகள் படையினரில் 3,000க்கும் அதிகமானோர் காய்ச்சலும் குருதிக்கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்த புரியாத நோய் ஒன்றுக்கு ஆளானார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1976இல் கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ, அந்த வைரசைக் கண்டுபிடித்த இடம் நோயாளியின் உடல் அல்ல, முதுகில் கோடுள்ள வயல் எலியின் நுரையீரல். எலியைத் தேடிப் போனதால்தான் மனித நோயின் காரணம் தெரிந்தது.

அதற்கு முன்னரே, 1964இல், தமிழ்நாட்டு வேலூரில் தோட்டப்பாளையம் என்ற பகுதியில் பிடித்த மூஞ்சூறு ஒன்றில் ஒரு வைரசு கிடைத்திருந்தது. அதுவும் ஹன்டாக் குடும்பம் என்பது பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. இன்றும் அதற்குத் தோட்டப்பாளையம் வைரசு என்றே பெயர். பிள்ளையாரின் வாகனம் உண்மையில் எலி இனமே அல்ல. பூச்சி தின்னும் தனி இனம். இலங்கையிலும் இந்தச் செய்தி புதிதல்ல. 1988இலேயே டொக்டர் திஸ்ஸ விதாரண தலைமையிலான குழு, அதே ஹோ வாங் லீயோடு சேர்ந்து, இலங்கையில் ஹன்டா வைரசு நோய் உண்டு என்று லான்செற் மருத்துவ இதழில் எழுதியது.

இனி, இந்த இரண்டு நோய்களுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். மாணவிகள் இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். எலிக்காய்ச்சல் ஈரத்தில் வரும். ஹன்டா தூசியில் வரும். வைரசைச் சுமக்கும் எலியின் சிறுநீரும் எச்சமும் உமிழ்நீரும் காய்ந்து தூசியோடு கலக்கின்றன. மூடிக் கிடந்த அறையைத் திறந்து கூட்டும்போது அந்தத் தூசி எழுகிறது. அதை மூச்சோடு உள்ளே இழுக்கிறோம். வயலில் இறங்காதவர், சேற்றில் காலே வைக்காதவர்கூட இந்நோய்க்கு ஆளாகலாம். ஹன்டாவுக்கு எலிக்காய்ச்சலைப் போல நுண்ணுயிர்கொல்லி பயன்படாது. உடலைத் தாங்கிப் பிடிக்கும் பராமரிப்பும், தேவையானால் குருதிச் சுத்திகரிப்பும்தான் வழி. நேரத்தோடு சந்தேகிப்பதே பாதி மருத்துவம்.

இப்போது எலிக்கு வருவோம். எந்த எலியிடம் இந்த வைரசு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வைரசு எலியை நோயாளி ஆக்குவதில்லை. அது வழக்கம்போல ஓடும், தின்னும், குட்டி போடும். ஆனால் ஒருமுறை தொற்றினால் நீண்ட காலம், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், உடலில் வைத்திருந்து வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதன் குருதியில் பிறபொருளெதிரி உண்டாகும். இருந்தும் வைரசு அழிவதில்லை. நமக்கும் எலிக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான். மனிதரின் குருதியில் பிறபொருளெதிரி இருந்தால், தொற்று எப்போதோ வந்து போயிருக்கலாம். எலியின் குருதியில் அது இருந்தால், அந்த எலி இன்றும் வைரசைச் சுமக்கிறது என்று கொள்ள நிறைய இடமுண்டு. ஆகவே எலியிடமிருந்து ஒரு துளி குருதி எடுத்து, பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்; வைரசையே தேடி அலையத் தேவையில்லை.

சொல்ல எளிது. செய்வது எப்படி? பழைய முறையில், காட்டிலும் வயலிலும் எலியைப் பிடித்து, குருதி எடுத்து, குளிரில் வைத்து, தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரச் சில வாரங்களாகலாம். அதற்குள் அந்த எலி எங்கே போயிருக்கும்? பொறி வைத்தவர்களும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த வீட்டில் இருப்பவர்கள் அதே அறையை அதே விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் களத்திலேயே செய்யும் விரைவுப் பரிசோதனை வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில் 1993இல் திடீரென இளவயதினர் மூச்சுத் திணறி இறந்தார்கள். மான் எலி என்று அங்கே அழைக்கப்படும் சிறிய எலி சுமந்த ஹன்டா வைரசு ஒன்றே காரணம் என்று தெரிந்தது. சின் நோம்ப்ரே என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஸ்பானிய மொழியில் 'பெயரில்லாதது' என்று பொருள். அது நுரையீரலைத் தாக்கும் வகை. நோயுற்றோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரைக் கொல்வது. அந்த எலிகளை ஆராய, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு தரும் களப் பரிசோதனையொன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்தில் செய்யும் வழக்கமான பரிசோதனைக்கு ஏறக்குறைய ஒத்த முடிவையே அது தந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு இது புரியும். சிறு குழிகள் உள்ள பிளாஸ்ரிக் தட்டில் வைரசின் புரதம் ஒன்றை முதலே ஒட்டி வைத்திருப்பார்கள். அது தனிப் புரதம் மட்டுமே, நோய் தராது. அதன்மேல் எலியின் குருதியை ஐதாக்கி ஊற்றுவார்கள். பிறபொருளெதிரி இருந்தால் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது எல்லாம் போய்விடும். அடுத்து, பிறபொருளெதிரியோடு ஒட்டக்கூடிய இன்னொரு புரதத்தை, ஒரு நொதியத்தோடு இணைத்து ஊற்றுவார்கள். பின் மீண்டும் கழுவி, நிறம் தரும் கரைசலைச் சேர்ப்பார்கள். நிறம் மாறினால் எலியிடம் பிறபொருளெதிரி உண்டு. இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நொதியத்தோடு இணைத்த அந்தப் புரதம் பற்றீரியாக்களிலிருந்து பெறப்பட்டது. பல பாலூட்டி இனங்களின் பிறபொருளெதிரிகளோடு ஒட்டும். ஒவ்வோர் இன எலிக்கும் வெவ்வேறு மருந்துப்பொருள் தயாரிக்க வேண்டியதில்லை. பெரிய இயந்திரமும் தேவையில்லை, கண்ணே போதும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி எளிதாக்கினார்கள். 2013இல் அவர்கள் வெளியிட்டது, முழுக் குருதியைத் துளியாக விட்டாலே போதும் என்ற கீற்றுப் பரிசோதனை. கொவிட் காலத்தில் நாம் எல்லாரும் மூக்கைத் துடைத்து, ஒரு கோடா இரண்டு கோடா என்று நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதே குடும்பம்தான். வேறுபாடு என்னவென்றால், கொவிட் கீற்று வைரசின் புரதத்தைத் தேடியது. இது பிறபொருளெதிரியைத் தேடுகிறது.

இதன் எல்லைகளையும் சொல்லாவிட்டால் எங்கள் ஆசிரியர்கள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். நேற்றுத் தொற்றிய எலியிடம் வைரசு இருக்கும், பிறபொருளெதிரி இன்னும் உண்டாகியிருக்காது. தாயிடமிருந்து பிறபொருளெதிரியைப் பெற்ற குட்டியிடம் அது இருக்கும், வைரசு இருக்காது. நெருங்கிய உறவான இரண்டு ஹன்டா வைரசுகளைக் கீற்று பிரித்துச் சொல்லாது. எனவே களப் பரிசோதனை முதல் சல்லடை. உறுதி செய்வது ஆய்வுகூடத்தின் வேலை. ஆனால் சல்லடை இல்லாவிட்டால் ஆய்வுகூடம் எதை எடுத்துப் பார்ப்பது?

சரியான விலங்கைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. நம் ஊரைத் தொட்டு ஓடும் மகாவலி கம்பளை, பேராதனை, கண்டி கடந்து, மகியங்கனைக்கு அப்பால் சமவெளிக்கு இறங்குகிறது. அந்தச் சமவெளியில் காரணம் தெரியாத நீடித்த சிறுநீரக நோயால் ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் அல்லற்படுவதை நாம் அறிவோம். அந்நோயாளிகள் பலரின் குருதியில் ஹன்டாவுக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதைக் கண்ட பேராதனை, ஹொக்கைடோ பல்கலைக்கழகங்களின் குழு பொலனறுவை மாவட்டத்தில் 116 சிறு விலங்குகளைப் பிடித்து, ஆய்வுகூடத்தில் வைரசின் மரபணுவைத் தேடியது. 2021இல் முடிவு வெளிவந்தது. 7 விலங்குகளில் வைரசின் தடயம் இருந்தது. பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை நாம் அஞ்சும் கறுப்பு எலிகள். அவற்றில் இரண்டிலேயே தடயம் கிடைத்தது. வயல்வெளியில் வாழும் சின்னஞ்சிறு சுண்டெலிகள் அகப்பட்டவை 11 மட்டும். அவற்றில் 5இல் தடயம் இருந்தது. சுண்டெலியில் கண்டது, அதுவரை தனியாக இனங்காணப்படாத புதிய ஹன்டா வைரசு என்றார்கள். எண்ணிக்கை சிறியதுதான். இருந்தாலும் பெரிய எலியை மட்டும் பிடித்து, சின்னதை விட்டிருந்தால் கதை எப்படி மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிறுநீரக நோய்க்கு ஹன்டாதான் காரணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை. வெப்பம், குடிநீர், விவசாய இரசாயனம் என்று வேறு காரணங்களும் ஆராயப்படுகின்றன. மகாவலித் தண்ணீரால் இது பரவுகிறது என்றும் எவரும் சொல்லவில்லை. ஆராய வேண்டிய ஒரு வழி திறந்திருக்கிறது, அவ்வளவே.

இதை ஒரு பெண்கள் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் ஏன் சொல்கிறோம்? வீட்டைக் கூட்டுவது யார்? பூட்டிக் கிடந்த களஞ்சிய அறையைத் திருவிழாவுக்கு முன் ஒழுங்குபடுத்துவது யார்? கொழுந்து பறித்து வந்த கையோடு விறகு மூலையைத் துப்புரவு செய்வது யார்? பாடசாலை விடுமுறை முடிந்து முதல் நாள் வகுப்பறையைக் கூட்டுவதும் பிள்ளைகள்தான். தூசியில் வரும் நோய் விளக்குமாறு பிடித்த கையைத் தேடி வரும். அந்தக் கை நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவுடையது, அக்காவுடையது. எலியைப் பரிசோதிப்பது என்பது அவர்கள் மூச்சு விடும் காற்றைப் பரிசோதிப்பதற்குச் சமம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

பரிசோதனைக் கீற்று நம் ஊருக்கு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் உண்டு. எலி எச்சம் உள்ள இடத்தை உலரக் கூட்டாதீர்கள். முதலில் கதவு சன்னலைத் திறந்து அரை மணி நேரமாவது காற்றோட விடுங்கள். கையுறை போடுங்கள், மூக்கையும் வாயையும் மூடுங்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின்மேல் நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கடதாசியாலோ பழந்துணியாலோ துடைத்து, பையில் கட்டி எறியுங்கள். கடைசியாகக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பொறியில் செத்த எலிக்கும் இதே முறைதான். அரிசியையும் மாவையும் மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். விறகைச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போனால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: "வீட்டில் எலி உண்டு, போன கிழமை அறையைக் கூட்டினேன்." எலிக்காய்ச்சலுக்கு மருந்து தந்தால் முழுவதும் எடுங்கள். ஹன்டாவைப் பற்றிக் கேள்விப்பட்டோம் என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு எலி பிடிக்கக் கிளம்பாதீர்கள். காட்டெலியைக் கையாள்வது பயிற்சியும் முகக்கவசமும் அனுமதியும் உள்ளவர்களின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது, அந்தப் பயிற்சியைப் பெறும் இடத்துக்குப் போய்ச் சேர்வது. பேராதனை நம் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

பழைய மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் கணினியும் தருகிறோம், தரத்தான் வேண்டும். அதோடு கூட, சுற்றியுள்ள தோட்டங்களில் ஈரத் துப்புரவு முறையை வீடு வீடாகச் சொல்லிக் கொடுக்கவும், கையுறையும் முகக்கவசமும் வழங்கவும் சங்கம் ஒரு சிறு நிதியை ஒதுக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் லயன்களுக்கு ஏற்கனவே போய் வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து செய்யலாம். எங்களில் வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் இருப்பவர்கள், மலையகத்தின் எலிகளையும் பரிசோதிக்கும் ஆய்வொன்றுக்குப் பல்கலைக்கழகங்களின் கதவைத் தட்டுவோம். வயல் நிலத்துக்கு வந்த ஆராய்ச்சி தேயிலை மலைக்கும் ஏறி வரட்டும்.

கண்ணால் காண முடியாததைக் காணும் வழியை இந்த வகுப்பறைகளில்தான், உடைந்த நுணுக்குக்காட்டி ஒன்றைப் பத்துப் பேர் மாறி மாறிப் பார்த்து, நாங்கள் கற்றோம். அதைக் கற்பித்த ஆசிரியைகள் பலர் இன்று நம்மோடு இல்லை. அவர்களுக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கிறோம்.

வளர்க நம் கல்லூரி.